ஒதுங்கல் கொள்கை: ‘ஐசொலேஷனிசம்’ என்ற சொல்லும் அமெரிக்கா போருக்குப் போன கதையும்

‘அதுவரை தனிமைப்படுத்தல் கொள்கையைக் கடைப்பிடித்த அமெரிக்கா, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு போரில் குதித்தது.’ இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இப்படி ஒரு வரி எங்காவது வந்துவிடுகிறது. தனிமைப்படுத்தல் என்பது பிறவினை. ஒருவர் இன்னொருவரைத் தனியே வைப்பது. கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் ஒட்டினார்களே, அந்தச் சொல். அப்படியென்றால் அமெரிக்கா யாரைத் தனிமைப்படுத்தியது? யாரையும் இல்லை. தான்தான் விலகி நின்றது. போதாக்குறைக்கு, அந்த ‘அதுவரை’யும் அவ்வளவு சரியில்லை.

மூலச் சொல் ஐசொலேஷனிசம். அதற்குள் இருப்பது ஒரு தீவு. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. அது இத்தாலியத்தில் ‘இசோலா’ ஆயிற்று. தீவுபோல் துண்டாகிக் கிடப்பதை ‘இசொலாத்தோ’ என்றார்கள். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. (சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினும் இதே தீவுக்காரர்தான், கணையத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் செல்கூட்டங்களைத் தீவுகள் என்று அழைத்ததால் வந்த பெயர்.)

அரசியலில் இந்தச் சொல் பாராட்டாகவும் இருந்திருக்கிறது. 1896இல் கனடா அரசியல்வாதி ஜார்ஜ் ஃபாஸ்டர், எந்தக் கூட்டணியிலும் சேராமல் நின்ற பிரிட்டனின் நிலையை ‘ஒளிமிக்க தனிமை’ என்று புகழ்ந்தார். நிஜமாகவே தீவான நாட்டுக்குப் பொருத்தமான புகழ்ச்சி. பின்னால் ‘இசம்’ ஒட்டிக்கொண்டு அமெரிக்க அரசியலில், முக்கியமாக 1920, 30களில், புழங்கியபோது அது பெரும்பாலும் வசவு. எதிராளி மேல் ஒட்டும் முத்திரை. யாரைப் பார்த்து அப்படிச் சொன்னார்களோ அவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கூட்டத்தின் பெருந்தலைகளில் ஒருவரான செனட்டர் வில்லியம் போரா, வணிகத்தில் நாங்கள் ஒருபோதும் ஒதுங்கியதில்லை, ஒதுங்கப்போவதுமில்லை என்று 1934இல் பேசினார். வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் தன் நிலைக்குக் ‘கண்டவாதம்’ என்று வேறு பெயர் தேடினார்.

அவர்கள் மறுத்ததில் நியாயம் உண்டு. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை 1919இலும் 1920இலும் செனட் நிராகரித்தது; அந்த உடன்படிக்கையில் பிறந்த நாடுகளின் அமைப்பான சர்வதேசச் சங்கத்தில் அமெரிக்கா சேரவில்லை. அதே 1920களில் வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாட்டை நடத்தியது, ஜெர்மனியின் போர் இழப்பீட்டுக்கு டாஸ் திட்டம் போட்டுக் கொடுத்தது. 1934 வரை அதன் படைகள் ஹைட்டியில் இருந்தன. ஐரோப்பியச் சண்டையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் கொள்கை. உலகத்தோடு பேச்சு வார்த்தையே கிடையாது என்பதல்ல. கதவையே சாத்திக்கொண்டது டோக்குகாவா கால ஜப்பான்.

இந்தப் போக்குக்கு வேர் எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டனிடம் போவார்கள். பிரான்சும் பிரிட்டனும் மோதிய 1793இல் அவர் வெளியிட்டது ‘நடுநிலைப் பிரகடனம்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அதன் வாசகத்தில் ‘நியூட்ரல்’ என்ற சொல்லே கிடையாது. அமைச்சரவையில் வெளியுறவைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஜெஃபர்சன் ஒத்துக்கொள்ளவில்லை. போர் அறிவிக்கும் உரிமை காங்கிரசுடையது என்றால், போர் இல்லை என்று அறிவிப்பதும் குடியரசுத் தலைவரின் வேலை அல்ல என்பது அவர் வாதம். அதோடு, நாம் விலகி நிற்பதற்கு விலை பேச இடமிருக்கும்போது அதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. எனவே இரு தரப்போடும் ‘நட்பாகவும் பாரபட்சமின்றியும்’ நடப்போம் என்று எழுதி முடித்தார்கள். ‘சிக்கவைக்கும் கூட்டணிகள் யாரோடும் வேண்டாம்’ என்ற புகழ்பெற்ற வாக்கும் வாஷிங்டனுடையதல்ல. 1801 பதவியேற்பு உரையில் ஜெஃபர்சன் சொன்னது.

பாரபட்சமின்மை வேறு, நியூட்ரல் வேறு. ‘நியூட்ரல்’ லத்தீனில் ‘இரண்டில் எதுவும் அல்லாதது’. நாம் அதை நடுநிலை என்கிறோம். வழக்கில் வேரூன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் வள்ளுவரின் நடுவுநிலைமை இது இல்லை. அந்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியிலும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை என்கிறார். நடுவுநிலைமை என்பது நீதிபதியின் நிலை. பகையும் இல்லாமல் நட்பும் இல்லாமல் நிற்பவனுக்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது: நொதுமல். சங்கப் பாடல்களில் அயலாரை நொதுமலர் என்பார்கள். சட்டம் ‘நியூட்ரல்’ என்று சொல்லும் நாடு துல்லியமாக இந்த நொதுமலர்தான். தீர்ப்புச் சொல்லாது, அயலாராக நிற்கும்.

வித்தியாசம் வெறும் அகராதி விஷயமில்லை. முதல் போரில் பெரும் லாபம் பார்த்த ஆயுத வியாபாரிகள் தூண்டித்தான் அமெரிக்கா 1917இல் போருக்குப் போனது என்ற கோபம் 1930களில் பரவியிருந்தது. செனட்டர் ஜெரால்ட் நையின் விசாரணைக் குழு அதற்குத் தீனி போட்டது. அந்த வேகத்தில் 1935 ஆகஸ்டில் முதல் நடுநிலைச் சட்டம் வந்தது. போரிடும் நாடு எதற்கும் ஆயுதம் விற்கக் கூடாது, அடித்தவன் யார் அடிபட்டவன் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே மாதத்தில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. தடை இருவருக்கும் சமம். இத்தாலி தன் ஆயுதத்தைத் தானே செய்துகொள்ளும். எத்தியோப்பியா வாங்கித்தான் ஆக வேண்டும். நொதுமல் காப்பாற்றப்பட்டது. நடுவுநிலைமை? 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் இறங்கியபோது குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை, ஆகவே இது போரே இல்லை என்று சட்டத்தைப் பிரயோகிக்காமல் விட்டுவிட்டார். சீனாவுக்கு ஆயுதம் போக வழி திறந்தே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று சிகாகோவில் அவர் பேசிய பேச்சுக்கு ‘குவாரண்டீன் பேச்சு’ என்று பெயர். தொற்றுநோய் வந்தவர்களைப் பிரித்து வைப்பதுபோல், சட்டத்தை மதிக்காத நாடுகளை உலகம் விலக்கி வைக்க வேண்டும் என்றார். தனிமைப்படுத்தல் என்ற சொல் பொருந்துவது இங்கேதான்! ஆக, அமெரிக்காவின் கொள்கையையும் அதற்கு நேரெதிரான இந்தப் பேச்சையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டிருக்கிறோம். தமிழில் ஒதுங்கு, ஒதுக்கு என்று தன்வினையும் பிறவினையும் ஒரு மெய்யெழுத்தில் பிரிந்து நிற்கும்போது இந்தக் குழப்பம் தேவையே இல்லை. ஐசொலேஷனிசம் ஒதுங்கல். ரூஸ்வெல்ட் சிகாகோவில் கேட்டது ஒதுக்கல்.

வழக்கில் உள்ள ‘தனிமைவாதம்’ காதில் விழும்போது, ஏதோ ஊரைவிட்டுப் போன துறவி நினைவு வருகிறது. ‘ஒதுங்கல் கொள்கை’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், ஒதுங்குவதில் ஒரு தற்காலிகம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவர் மழை நின்றால் கிளம்பிவிடுவார். அமெரிக்கா இரண்டு முறையும் கிளம்பியது, மழை வலுத்தபோது என்பதுதான் வேடிக்கை.

முதல் முறை விரைவாக நடந்தது. 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் மூண்டதும், குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் பாரபட்சமின்றி இருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். 1915 மே 7 அன்று லூசிடானியா கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு 128 அமெரிக்கர்கள் இறந்தும் பொறுத்தார். ‘போரில் சேராமல் நம்மைக் காத்தவர்’ என்ற முழக்கத்தோடு 1916 தேர்தலில் வென்றார். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை மீண்டும் தொடங்கியது; மெக்சிகோவைக் கூட்டுக்கு அழைத்த சிம்மர்மன் தந்தியும் அம்பலமானது. ஏப்ரல் 6 அன்று போர்.

இரண்டாம் முறை இறங்கியது படிப்படியாக. 1939 செப்டம்பர் 3 அன்று ரூஸ்வெல்ட் வானொலியில், இந்த நாடு நடுநிலை நாடாகவே இருக்கும், ஆனால் ஒவ்வொரு அமெரிக்கரும் எண்ணத்திலும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன் என்றார். வில்சனுக்குப் பதில் சொன்ன மாதிரியே இருக்கிறது. நவம்பரில் ஆயுதத் தடை போய், ‘காசைக் கொடு, சரக்கைத் தூக்கிக்கொண்டு போ’ என்ற ஏற்பாடு வந்தது. அதிலும் ஒரு முடிச்சு: அமெரிக்க விமானிகள் போரிடும் நாட்டுக்குள் விமானத்தை ஓட்டிச் செல்லக் கூடாது. ஆகவே 1940 தொடக்கத்தில் பிரிட்டனுக்கான ஹட்சன் ரகக் குண்டுவீச்சு விமானங்களை வடக்கு டகோட்டாவின் பெம்பினாவில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பனியில் குதிரைகளைப் பூட்டி அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள். சட்டத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

1940 செப்டம்பரில் அமெரிக்கா 50 பழைய நாசகாரிப் போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, பதிலுக்குத் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது. 1907 ஹேக் உடன்படிக்கை, நடுநிலை நாடு எவ்வகையிலும் போர்க்கப்பல் தரக் கூடாது என்கிறது. அப்போதே நொதுமல் முடிந்தது என்று சொல்லிவிடலாம். டிசம்பரில் நிருபர்களிடம் ரூஸ்வெல்ட், பக்கத்து வீடு எரிகிறது, என் தோட்டத்துக் குழாயைக் கேட்கிறார். 15 டாலர் எடு என்றா சொல்வேன், தீ அணைந்ததும் குழாய் திரும்பி வந்தால் போதும் என்றார். அந்தக் குழாய்க் கணக்குதான் 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் ஆனது. இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கடற்படையும் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற நாசகாரி மூழ்கியது. இன்னமும் போர் அறிவிப்பு இல்லை.

இந்த இடைநிலைக்கு அன்றே ஒரு பெயர் இருந்தது. ஹிட்லரின் பக்கம் சாய்ந்துகொண்டே 1939இல் போருக்கு வெளியே நின்ற இத்தாலி, ‘நான்-பெலிஜெரென்ட்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. சண்டையில் இல்லை, சார்பு உண்டு. இதைத் தமிழில் ‘போரிடாச் சார்பு’ என்று எழுதலாம். 1940 செப்டம்பர் முதல் 1941 டிசம்பர் வரை அமெரிக்காவுக்குப் பொருந்துவது இதுதான். நடுநிலையும் இல்லை, ஒதுங்கலும் இல்லை. ஒதுங்கல் அப்போது அரசின் கொள்கையாக இல்லை, அரசை எதிர்த்த வலுவான ஒரு தரப்பின் குரலாகிவிட்டது. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் முன்னால் நின்று பேசிய ‘அமெரிக்கா முதலில்’ குழு அவர்களுடையது. கட்டாயப் படைச் சேவையை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் அவையில் 203க்கு 202 என்று ஒரே வாக்கில்தான் தப்பியது.

பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய மறுநாள், டிசம்பர் 8 அன்று, அதே அவையில் ஜப்பான் மீது போர் அறிவிக்க 388 வாக்குகள், எதிர்த்து ஒன்று. அந்த ஒன்று மோன்டானாவின் ஜெனெட் ராங்கின். 1917இல் எதிர்த்த 50 பேரிலும் அவர் இருந்தார். வெளியே சூழ்ந்த கூட்டத்திடமிருந்து தப்ப ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்துகொண்டார். மூன்று நாள் கழித்து ஜெர்மனியும் இத்தாலியும் அமெரிக்கா மீது போர் அறிவித்தன.

ராங்கினை ஒதுங்கல்வாதி என்று எழுதாதீர்கள். அவர் போர் எதிர்ப்பாளர், அது வேறு. போரா, நை போன்றோருக்கு ‘ஒதுங்கல்வாதி’ சரி. ‘-வாதி’யில் உள்ள லேசான குத்தல் மூலச் சொல்லிலும் இருந்ததுதான். பனிப்போரில் எந்த அணியிலும் சேராமல் 1961இல் பெல்கிரேடில் கூடிய நாடுகளுக்கு ‘அணிசேராமை’ ஏற்கனவே இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம். சுவிட்சர்லாந்து? 1815 முதல் நடுநிலை நாடு, ஆனாலும் சர்வதேசச் சங்கத்துக்கு ஜெனீவாவில் இடம் கொடுத்து உறுப்பினராகவும் இருந்தது. அதற்கு ‘நடுநிலை’ மட்டும் போதும்.