ஓட்டை சின்னது, ஆபரேஷன் சின்னதல்ல

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டையைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது, வலப்பக்க நெஞ்சு உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன் நிமோனியா. பிறகு நெஞ்சில் நீர் கோத்து, அது சீழாகிவிட்டது. அப்போதே ஒரு டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். கூட வந்த மச்சான் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்கு ஆஸ்பத்திரிகளின் எஸ்டிமேட். "எங்க லேசர்ல பண்றாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோம் சார்."

பார்த்துக்கொண்டே இருந்ததில், சின்னக் கீறலில் கேமரா விட்டு நெஞ்சு ஆபரேஷன் செய்கிற வழி கைவிட்டுப் போனது. விலாவை விரித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர்.

முதலில், இது லேசர் இல்லை. மூலத்துக்கு லேசர், பித்தப்பைக்கு லேசர் என்று சுவரெல்லாம் எழுதி வைத்ததில், சின்னதாக அறுத்தாலே லேசர் என்றாகிவிட்டது. நாங்கள் செய்வது, விலா எலும்புகளுக்கு இடையில் மூன்று நாலு சென்டிமீட்டர் அளவில் ஒரு கீறல் போட்டு, கேமராவையும் நீளமான கருவிகளையும் உள்ளே விடுவதுதான். நேற்று வந்த புதுமையும் இல்லை. 1910-லேயே ஸ்டாக்ஹோமில் ஜாகோபேயஸ் என்ற மருத்துவர், மூத்திரப்பை பார்க்கிற குழாயை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். ரோபோ என்றால் மெஷின் தானாக அறுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையை ஆட்டுவது டாக்டர்தான்.

எனக்கு எரிச்சல் வருவது இன்னொன்றில். "சின்ன ஓட்டைதானே, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்ல?" ஐயா, ஓட்டைதான் சின்னது. உள்ளே நடப்பது அதே ஆபரேஷன். முழு மயக்கம். ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து, மற்றதை மட்டும் வைத்து மூச்சு ஓட்டுகிறோம். புற்றுநோய்க்காக நுரையீரலில் ஒரு மடலை எடுக்கும்போது, பெரிய கீறலில் கட்டுகிற அதே ரத்தக்குழாயைத்தான் இங்கேயும் கட்டுகிறோம். அதன் சுவர் ஈரத்தாள் மாதிரி. கிழிந்தால் எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அப்போது தயங்காமல் நெஞ்சைத் திறப்பவர்தான் நல்ல சர்ஜன். "கேமராவில் ஆரம்பித்துத் திறந்துவிட்டார்கள், ஃபெயிலியர்" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஃபெயிலியர் இல்லை, உயிரோடு வெளியே கொண்டுவந்திருக்கிறோம்.

லாபம் இல்லாமலும் இல்லை. விலாவை விரிக்காததால் நரம்பு நசுங்குவது குறைவு, வலியும் குறைவு. பிரிட்டனில் நுரையீரல் புற்றுக்காக ஆபரேஷனுக்கு வந்த 503 பேரை, கேமராவில் செய்பவர், திறந்து செய்பவர் என்று இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. கேமரா வழியில் செய்தவர்கள் ஐந்தாவது வாரத்தில் நன்றாகவே நடமாடினார்கள், புற்றை அகற்றியதிலும் குறை இல்லை. ஆனால் இதெல்லாம் நேரத்தோடு வந்தவருக்கு.

சீழ் காத்திருக்காது. முதலில் தண்ணியாக இருக்கும், டியூப் போட்டால் வடிந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் தேன்கூடு மாதிரி அறை அறையாகக் கட்டிக்கொள்ளும். கேமராவுக்கு ஏற்ற வேளை அதுதான். அதையும் விட்டால் சாத்துக்குடித் தோல் கனத்துக்கு ஒரு படலம் நுரையீரலைப் போர்த்திக்கொள்ளும், விலாக்கள் நெருங்கிவிடும், கருவி நுழைய இடம் இருக்காது. அந்த டிரைவருக்கு நடந்தது இதுதான்.

வர வேண்டியவர் இப்படித் தள்ளிப்போட, வர வேண்டாதவர் ஓடி வருகிறார். கல்யாணம் நிச்சயமான பையன், உள்ளங்கை வேர்க்கிறதாம், "அரை மணி நேர ஆபரேஷன்" விளம்பரத்தை போனில் காட்டுகிறான். இதுவும் நெஞ்சுக்குள் கேமரா விட்டுச் செய்வதுதான். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்பை வெட்டினால் கை காயும், சரி. பலருக்கு அந்த வேர்வை முதுகிலும் வயிற்றிலும் கொட்ட ஆரம்பிக்கும். வெட்டிய நரம்பை ஒட்டவைக்க முடியாது தம்பி. தைவானில் 2004-இல் இருபது வயதுக்குக் கீழே இதைச் செய்யக் கூடாதென்றே தடை போட்டார்கள். முதலில் தோல் டாக்டரைப் பார்த்து, பூசுகிற மருந்து, மாத்திரை எல்லாம் முயன்றுவிட்டு வா.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. நிமோனியாவுக்கு மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லையா, மூச்சிழுத்தால் ஒரு பக்கம் குத்துகிறதா, அன்றைக்கே ஸ்கேன் எடுங்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது என்பதற்காக, சளி பரிசோதனை செய்யாமல் டி.பி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். சர்ஜனிடம் "லேசரா, ரோபோவா" என்று கேட்காதீர்கள். "இதை எத்தனை செய்திருக்கிறீர்கள், நடுவில் ரத்தம் கொட்டினால் இங்கேயே திறக்க வசதி இருக்கிறதா" என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ், அதாவது நுரையீரலை வெட்டி மூடுகிற பின் பெட்டி, எத்தனை போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு தடவை அழுத்திப் பின் அடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற சாமான் அது, பில் ஏறுவதே அங்கேதான். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அல்ல.

பீடி சிகரெட்டைத் தயவுசெய்து இன்றைக்கே விடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மாடிப்படியில் ஒளிந்து நின்று குடிக்கும் அந்தக் 'கடைசி' ஒன்று எங்களுக்குத் தெரியாமல் போகாது.

டிரைவர் இப்போது வார்டில் இருக்கிறார். மூன்று பந்து போட்ட டப்பாவை வைத்து மணிக்கு பத்து முறை மூச்சிழுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பந்து ஏறுகிறது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.