கார்ட்டூன்: கேலி பிறகு வந்தது

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'ரஃபேல் கார்ட்டூன்கள்' என்ற பெயரில் ஏழு படங்கள் இருக்கின்றன. சிரிக்க அவற்றில் ஒன்றும் இல்லை. பேதுரு, பவுல் ஆகியோரின் வாழ்க்கைக் காட்சிகள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் தொங்கவிடும் சித்திரத் திரைகளை நெய்வதற்கு மாதிரியாக, போப் பத்தாம் லியோ கேட்டு 1515-16 வாக்கில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டியவை. 1623இல் இவற்றை வாங்கியவர், அப்போது இளவரசராக இருந்த முதலாம் சார்லஸ்.

அப்புறம் ஏன் அந்தப் பெயர்? இத்தாலிய மொழியில் 'கார்த்தா' தாள். 'கார்த்தோனே' தடித்த தாள். (அட்டைப்பெட்டியைக் கார்ட்டன் என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்.) சுவரோவியத்துக்கு முன் தடித்த தாளில் முழு அளவில் வரைந்துகொள்வார்கள். கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்துக் கரித்தூள் தட்டினால் உருவம் இறங்கிவிடும். ஆரி வேலைக்காரர்கள் துணியில் டிசைன் எடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். தாளின் பெயரே படத்துக்கும் ஆகிவிட்டது.

கேலி வந்து ஒட்டிக்கொண்டது 1843இல். 1834 தீயில் எரிந்துபோன பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த நேரம். புதுச் சுவர்களில் ஓவியம் தீட்டப் போட்டி வைத்து, வந்த கார்ட்டூன்களை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஊரில் பசி, இங்கே ஓவியமா என்று 'பஞ்ச்' என்ற லண்டன் நையாண்டி இதழுக்கு எரிச்சல். கந்தல் உடுத்திய ஏழைகள் கண்காட்சியில் படம் பார்த்து நிற்பதாக ஜான் லீச் வரைந்தார். அதற்கு இதழ் வைத்த தலைப்பு, 'கார்ட்டூன் எண் 1'. குத்தலுக்கு வைத்த பெயர்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. பழைய பொருள் இன்று ஓவியர்களோடும் அருங்காட்சியகங்களோடும் சரி.

தமிழில் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. ரஃபேல் வரைந்தவற்றைக் கேலிச்சித்திரம் என்றால் அபத்தம். அங்கே 'முன்வரைவு' பொருந்தும். ஆளையோ வழக்கத்தையோ கிண்டல் செய்தால் கேலிச்சித்திரம். அரசியல் படங்களுக்குக் கருத்துப்படம் என்பதே என் தேர்வு. பாரதியார் 1906 முதல் 'இந்தியா' வார இதழில் வெளியிட்டவற்றைப் போன்ற படங்களில் சில சிரிக்கவே வைக்காது, கோபம்தான் வரும். குழந்தைகள் டிவியில் பார்ப்பதற்கு அசைவூட்டப்படம் என்ற சொல் உண்டு. ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கார்ட்டூன் என்றே எழுதிவிடலாம்.