கோழி எரு நைட்ரஜன்: சதவீதத்தை மட்டும் வச்சு ரெண்டு நாட்டை ஒப்பிடாதீங்க, ப்ளீஸ்

இந்த மாசத்துல இது நாலாவது எக்செல் ஷீட்டு. இடப்பக்கம் நெதர்லாந்து முட்டைக்கோழி எரு, வலப்பக்கம் இந்திய எரு, ரெண்டுக்கும் நைட்ரஜன் சதவீதம், அங்க அதிகம் இங்க கம்மி, ரெண்டையும் கழிச்சுட்டு "வித்தியாசம் எல்லாம் அம்மோனியாவா காத்துல போயிடுச்சு"ன்னு முடிவுரை வேற. எரு சாம்பிள் பார்க்கிறதே பொழப்பா இருக்கிற எனக்கு இதைப் பார்த்தா தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு.

சதவீதம்னா ஒரு பங்கு, அவ்வளவுதான். எருவுல இருந்து நைட்ரஜன் மட்டுமா போகுது? மக்கும்போது கார்பனும் கரியமில வாயுவா போகும், தண்ணியும் ஆவியாகும், குவியலே சுருங்கிடும். 100 கிலோ உலர் எருவுல 5 சதவீதம்னு வச்சுக்குங்க, 5 கிலோ நைட்ரஜன். நாலஞ்சு மாசத்துல அது 60 கிலோவாயிடுச்சு, ரிப்போர்ட்டுல 4 சதவீதம்னு வருது. "ஒரு சதவீதம்தானே சார் குறைஞ்சிருக்கு"ன்னு சொல்றாங்க. 60ல 4 சதவீதம் 2.4 கிலோ, அப்போ பாதிக்கு மேல போயாச்சு! இன்னும் கொடுமை, கார்பன் வேகமா போனா சதவீதம் ஏறிக்கூட இருக்கும், நைட்ரஜன் கூடிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. இதுல ஒருத்தர் ஈர எடைக்குக் கணக்குப் போட்டிருப்பார், இன்னொருத்தர் உலர் எடைக்கு, அதையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுடுவாங்க.

சரி, ரெண்டு நாட்டுலயும் நிஜமா என்னதான் வித்தியாசம்? கோழி எச்சத்துல நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமா இருக்கு, ஈரம் கிடைச்சாதான் நுண்ணுயிர் அதை உடைச்சு அம்மோனியா ஆக்கும். அதனால "நம்ம ஊரு வெயில்ல எல்லாம் பறந்துடும்"கிறது பாதி உண்மைதான். நாமக்கல் பக்கம் மாதிரி பக்கவாட்டுல திறந்த உயரக் கொட்டகைல கூண்டுக்கு அடியில மாசக்கணக்கா சேர்ற எரு, காத்தோட்டம் நல்லா இருந்தா கூம்பு கூம்பா காஞ்சு நிக்கும், யூரிக் அமிலம் நிறைய அப்படியே இருக்கும். அதே கொட்டகைல நிப்பிள் (கோழி தண்ணி குடிக்கிற குழாய் முனை) ஒழுகினாலோ சாரல் அடிச்சாலோ கதை மாறிடும், அப்போ அந்த வெயிலே எமன்.

நெதர்லாந்துல கோழிகளுக்கு அடியில ஓடுற பெல்ட்டுல எருவை எடுக்கிறாங்க, காத்து விட்டு உலர்த்துறாங்க, உழவு நிலத்துல போட்டா கையோட மண்ணுக்குள்ள தள்ளணும்னு சட்டம். ஆனா அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்ல. 2012ல ஐரோப்பிய யூனியன் பழைய கூண்டுகளைத் தடை பண்ணின பிறகு கோழிகள் தரையிலயும் நடமாடுது, தரையில கிடக்கிற எச்சத்துல இருந்து பெல்ட் எருவை விட அதிகமா அம்மோனியா வரும். கோழிக்கு நல்லது காத்துக்குக் கெட்டதா முடியுற இடம் இது, பேசினா தனிக் கட்டுரை ஆயிடும். அப்புறம் மூர்டைக்ங்கிற நெதர்லாந்து ஊர்ல 2008ல இருந்து கோழி எருவை எரிச்சு மின்சாரம் எடுக்கிற ஆலை ஓடுது, அந்த நாட்டு கோழி எருவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அங்கதான் போகுது. எரிச்சா மணிச்சத்து (பாஸ்பரஸ்) சாம்பல்ல நிக்கும், தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் சாதா நைட்ரஜன் வாயுவா போயிடும். இதை இழப்புன்னு எழுதுவீங்களா மாட்டீங்களா? இழப்பை எதுவரைக்கும் கணக்குல எடுக்கிறோம்னு ரெண்டு நாட்டுக்கும் ஒரே எல்லைக்கோட்டை முதல்ல போடுங்க, கொட்டகை வாசல் வரைக்கா, வயல் வரைக்கா.

ஐபிசிசி (ஐநாவோட காலநிலை மாற்றக் குழு) 2006 வழிகாட்டில கூளம் (தரையில பரப்புற உமி, மரத்தூள் மாதிரி) இல்லாத கோழி எருவுல நைட்ரஜன் 55 சதவீதம், கூளத்தோட இருந்தா 40 சதவீதம் வாயுவா போகும்னு பொது எண் இருக்கு, முதல் எண்ணுக்கு வரம்பே 40ல இருந்து 70 வரைக்கும். சொந்த அளவீடு இல்லாதவங்களுக்குக் கொடுத்த எண் அது. அதையே ரெண்டு நாட்டுக்கும் போட்டுட்டு "ரெண்டும் சமம்"னு எழுதினா சமமாத்தானே வரும்?

அப்போ எப்படிப் பார்க்கிறது? பாஸ்பரஸ் ஆவியாகாது, அதைப் பிடிச்சுக்குங்க. கோழி எச்சம் போடும்போது 1 கிலோ பாஸ்பரஸுக்கு 4 கிலோ நைட்ரஜன் இருந்து, லாரில ஏத்தும்போது 2.4 கிலோதான்னா 40 சதவீதம் போச்சு, குவியல் எவ்வளவு சுருங்கியிருந்தாலும் சரி. மழைத்தண்ணில கரைஞ்சு ஓடியிருந்தா மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. நெதர்லாந்து புள்ளியியல் துறையே 2019ல இந்த மாதிரி விகிதத்தை வச்சுப் பார்த்துட்டுதான் சூத்திரம் வச்சுப் போடுற மாடல் கணக்குல வர்றதை விட இழப்பு அதிகமா தெரியுதுன்னு சொல்லுச்சு. ஆனா எச்சம் போடும்போது இருக்கிற முதல் விகிதத்தை அந்தந்த நாட்டுத் தீவனத்துல இருந்து எடுக்கணும், முட்டையிலயும் உடம்புலயும் போனதைக் கழிக்கணும். பைட்டேஸ் (தானியத்துல இருக்கிற பாஸ்பரஸைக் கோழி செரிக்க உதவுற நொதி) சேர்த்த தீவனத்துல பாஸ்பரஸ் கம்மியா இருக்கும், அதைக் கவனிக்காம விட்டா எல்லாம் வீண்.

அம்மோனியா கிலோவையும் நைட்ரஜன் கிலோவையும் கலக்காதீங்க. 14 கிலோ நைட்ரஜன்தான் 17 கிலோ அம்மோனியா. இந்தத் தப்பு ஒண்ணுலயே 20 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் "கண்டுபிடிச்சவங்க" இருக்காங்க.

பண்ணைக்காரங்களுக்கு: ஒழுகுற நிப்பிளை இன்னைக்கே மாத்துங்க. குவியலை மூடுங்க. கிருமி சாகட்டும்னு ஈர எருவுல சுண்ணாம்பு தூவாதீங்க, அம்மோனியாவை நீங்களே துரத்தி விடுறீங்க. வயல்ல கொட்டினா அன்னைக்கே உழுதுடுங்க.

சாம்பிள் அனுப்புறவங்களுக்கு ஒரு கெஞ்சல். ஓவன்ல 105 டிகிரில காய வச்சு அனுப்பாதீங்க, அங்கேயே அம்மோனியா போயிடும். ஈரமாவே, குவியலோட பத்து இடத்துல இருந்து எடுத்துக் கலந்து, காத்துப் புகாம கட்டி, குளிர்ச்சியா வச்சு அன்னைக்கே கொண்டு வாங்க. ஈரப்பதம் நாங்க தனியாப் பார்த்துக்கிறோம். கூடவே ஒரு கைப்பிடி தீவனம்.