எஷர் வரைகலைஞர் அல்லர்

எஷரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் முதல் வரியிலேயே ‘டச்சு வரைகலைஞர்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். ‘கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்’ என்பதற்கு நேர்ச்சொல்லாம். அகராதிக்குச் சரி, ஆளுக்குப் பொருந்தவில்லை.

‘கிராஃபிக்’கின் வேர் கிரேக்கம்: ‘கீறு’, அதிலிருந்து ‘எழுது’, ‘வரை’. டச்சுக் கலைத்துறையில் ‘கிராஃபீக்’ என்றால் கட்டையிலோ கல்லிலோ உலோகத் தகட்டிலோ உருவம் ஆக்கி, அதைத் தாளில் ஒற்றி எடுக்கும் கலை. மௌரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர் (1898–1972) செய்தது இதைத்தான். 1919இல் ஹார்லெமில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவரை இந்தப் பக்கம் இழுத்தவர் ஆசிரியர் மெஸ்கிட்டா.

‘வரைகலை’ நல்ல தமிழ்தான். குற்றம் சொல்லின் அமைப்பில் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது: கணினித் திரை, விளம்பரம், இதழ் வடிவமைப்பு. ‘வரைகலைஞர்’ என்று படிப்பவர் எஷரைப் பேனாவால் வரைந்தவர் என்றோ விளம்பர வடிவமைப்பாளர் என்றோ எடுத்துக்கொள்வார். பிறகு ‘பகலும் இரவும்’ (1938) படத்தின் ‘அசல்’ எங்கே இருக்கிறது என்று கேட்பார். கறுப்புக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று என இரண்டு கட்டைகளில் செதுக்கி, 600க்கும் மேற்பட்ட படிகளை எஷரே எடுத்தார். அத்தனையும் அசல்தான்.

வேலையைப் பார்த்தால் சொல் எங்கே தவறுகிறது என்பது தெரியும். மரக்கட்டையில் வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கித் தள்ள வேண்டும். மேடாக நிற்பது மட்டும் மை வாங்கும். தாளில் இடவலம் மாறி விழும் என்பதால் கையெழுத்தைக்கூட இடவலம் மாற்றியே செதுக்க வேண்டும். பிறகு தாளை வைத்து முதுகில் தேய்க்க வேண்டும். எஷர் எலும்பால் ஆன சிறு முட்டைக் கரண்டியால் தேய்த்தார். மீன்கள் இடைவெளியின்றி நிறைந்த ‘வட்ட எல்லை III’ (1959) 41.5 செ.மீ. விட்டமுள்ளது. 5 கட்டைகள், ஒவ்வொன்றிலும் கால்வட்டம் மட்டுமே. ஒரு படிக்கு 20 முறை ஒற்ற வேண்டும். கால்திருப்பத்தில் உருவம் தன்மேலேயே பொருந்தும் என்ற கணிதம்தான் கட்டையைக் கால்பங்காகச் சுருக்கியது. ஒரு ஒற்று நூலளவு நகர்ந்தாலும் மீனுக்கும் மீனுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும், அல்லது நிறம் நிறத்தின்மேல் ஏறும். இதில் ‘வரை’ எங்கே இருக்கிறது?

‘அச்சுக்கலைஞர்’ என்றால் அச்சகத்து நினைவு வருகிறது. ‘பதிப்போவியர்’ பரவாயில்லை, ஆனால் ‘பதிப்பு’ புத்தகத்தின் பக்கம் சாய்கிறது. ‘அச்சோவியர்’ என்பதே என் தேர்வு: அச்சும் தெரிகிறது, ஓவியமும் தெரிகிறது, விளக்கக் குறிப்பும் தேவைப்படாது.

தலைச்சொல் தவறினால் கிளைச்சொற்களும் தவறுகின்றன. ‘வுட்கட்’ சிலர் கையில் ‘மரவெட்டு’ ஆகிறது. விறகுக்கடைப் பலகை போல இருக்கிறது. ‘மரச்சிற்பம்’ என்பது அதைவிட மோசம், அது வேறு கலை. ‘மரக்கட்டை அச்சு’ என்றால் போதும். ‘லித்தோகிராஃப்’புக்குப் புதிதாக எதையும் புனைய வேண்டியதில்லை, ‘கல்லச்சு’ நம்மிடம் பழைய சொல். 1953இன் ‘சார்பியல்’ கல்லச்சு, ‘நீர்வீழ்ச்சி’யும் (1961) கல்லச்சுதான். உலோகத் தகட்டில் செய்யும் ‘மெசோடின்ட்’ அச்சை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், எஷர் வாழ்நாளில் செய்ததே 8.