மக்னோலியா பட்டை: கஷாயத்திலிருந்து காப்ஸ்யூல் வரை

மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும்போது, "இவை தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பது மருந்தாளுநராகிய என் வழக்கம். தூக்கம் வருவதற்காக இணையத்தில் வாங்கிய மக்னோலியா பட்டைக் காப்ஸ்யூலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுபவர்களும் இப்போது வருகிறார்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா என்றால், "இது வெறும் மரப்பட்டைதானே" என்பதுதான் பதிலாக இருக்கிறது.

வெறும் பட்டையன்று. சீனர்கள் ஹோபோ என்றழைக்கும் மக்னோலியா அஃபிசினாலிஸ் மரத்தின் பட்டை, தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு சிக்கிக்கொண்டது போன்ற உணர்வுக்கு உரிய கஷாயத்தில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. இஞ்சி உட்பட ஐந்து சரக்குகள் கொண்ட அந்தக் கஷாயத்தை ஜப்பானிய மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். பட்டையை உரித்தவுடன் யாரும் பயன்படுத்துவதில்லை. கொதிநீரில் சற்று நேரம் இட்டு, ஈரமான இடத்தில் குவித்து, உட்புறம் ஊதா கலந்த பழுப்பாக மாறும்வரை காத்திருந்து, பிறகு ஆவியில் மென்மையாக்கித் தடித்த லவங்கப்பட்டைபோல் சுருட்டி உலர்த்துவார்கள். தொண்டை உறுத்தலைத் தணிக்க இஞ்சிச்சாற்றிலும் பிரட்டுவதுண்டு.

இந்தப் பட்டையிலுள்ள மக்னோலால், ஹோனோகியால் என்னும் இரு பொருள்களின் மீதுதான் இன்றைய ஆய்வாளர்களின் கவனம் குவிந்திருக்கிறது. டயசெபாம், அல்பிரசோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள் செயல்படும், மூளையின் பரபரப்பை அடக்கும் காபா ஏற்பிகளின் மீதே இவையும் செயல்படுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தூக்க மாத்திரையோடு இக்காப்ஸ்யூலையும் விழுங்கினால் மயக்கம் கூடக்கூடும் என்று நான் எச்சரிப்பது இதனால்தான். வண்டி ஓட்டுபவர்களிடம் இதைச் சற்று அழுத்தியே சொல்வேன்.

எலிகளில் புற்றுக்கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் உருவாவதை ஹோனோகியால் தடுத்தது என்ற ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதன்பின் விளம்பரங்கள் புற்றுநோயையும் தொட்டுப் பேசத் தொடங்கிவிட்டன. ஆனால் இப்பொருள் நீரில் எளிதில் கரையாது. வாய்வழி உட்கொண்டாலும் குடலும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றிவிடுவதால் இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. அதனால்தான் கொழுப்பு நுண்குமிழிகளில் அடைத்து ஊசிவழி செலுத்தும் வடிவத்தை உருவாக்கிச் சீனாவில் மனிதர்களிடம் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். கடையில் கிடைக்கும் காப்ஸ்யூலுக்கு அந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுவது நேர்மையன்று.

பட்டையைவிட அதனுடன் கலந்திருப்பது என்ன என்பதே எனக்குப் பெரிய கவலை. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1990 முதல் உடல் எடைக் குறைப்புக்காகத் தரப்பட்ட மாத்திரைகளில், மக்னோலியா பட்டைத்தூளுடன் ஸ்டெஃபானியா என்னும் மூலிகையின் தூளும் சேர்க்கப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதை ஒத்திருந்த, சிறுநீரகத்துக்கு நஞ்சான அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட்டது. சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்த இளம்பெண்களைப் பற்றிய அறிக்கை 1993இல் வந்தது. பாதிப்பு நூறு பேரைத் தாண்டியது. முன்னெச்சரிக்கையாகச் செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்ததை 2000இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மக்னோலியா அங்கே குற்றவாளியன்று. ஆயினும் அந்தப் பொட்டலத்தை நம்பி விழுங்கியவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

நம் ஊர்ச் செண்பகமும் தாவரவியலில் மக்னோலியா இனமே என்று அறிந்தவர்கள், வாசலில் நிற்கும் மரத்தின் பட்டையைக் காய்ச்சிக் குடிக்கலாமா என்று கேட்பதுண்டு. சித்த மருத்துவத்தில் செண்பகத்துக்கென்று தனிப் பயன்பாடு உண்டு. அதைச் சித்த மருத்துவரிடமே கேளுங்கள். ஹோபோவை வைத்துச் செய்த ஆய்வைச் செண்பகத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், தாவரத்தின் முழுப்பெயர், எந்தப் பகுதி, ஹோனோகியாலின் அளவு, தொகுதி எண் ஆகியவை புட்டியின் மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை மக்னோலால் குறைப்பதாக ஆய்வகத்தில் கண்டிருப்பதால், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும்போது புட்டியையே கையில் எடுத்துச் செல்லுங்கள்.