ஆஸ்பெஸ்டாஸ் தூசு உடம்புக்குள் என்ன செய்கிறது?

போன மாதம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றினோம். வேலைக்கு வந்த அண்ணன் கட்டிங் மெஷினால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்க, வெள்ளைத் தூசு அவர் புருவத்திலும் மீசையிலும் மாவு போலப் படிந்தது. முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன். "சிமெண்டுத் தூசிதானே தம்பி! இருபது வருஷமா இதான் வேலை, ஒண்ணும் ஆகல" என்றார்.

அந்த இருபது வருஷக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லேதான், ஆனால் நாராகப் பிரியும் கல். கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்டுதான்; ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். உடைந்த ஷீட்டின் விளிம்பைத் தொடாமல் வெயிலில் உற்றுப் பாருங்கள், பூனைமுடி போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை நீளவாக்கில் மேலும் மேலும் பிளந்துகொண்டே போகும். கடைசியில் மிஞ்சும் இழை நம் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, காற்றில் வெகுநேரம் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும்.

அங்கே காவலுக்கு விழுங்கணுக்கள் என்ற செல்கள் இருக்கின்றன. சாதாரணத் தூசு, கிருமி எதுவானாலும் வளைத்து விழுங்கி, அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துவிடும். ஆனால் விழுங்கணுவின் அகலமே சுமார் 20 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைவிட நீளமான இழையை அது விழுங்கப் பார்ப்பது, நீளக் கம்பைச் சின்னச் சாக்கில் போட்டு வாயைக் கட்டப் பார்ப்பது போன்றது. வாய் மூடாது. இழையைக் கரைக்கச் சுரந்த அமிலமும் நொதிகளும் வெளியே கசிந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவையே அரிக்கும். அந்த விழுங்கணு செத்தால் அடுத்தது வரும், அதற்கும் இதே கதிதான். இழை மட்டும் அப்படியே கிடக்கும்.

ஆண்டுக்கணக்கில் ஆறாத இந்த அழற்சியால் நுரையீரலில் தழும்பேறி, அது விரிய முடியாமல் இறுகுவதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். மரபணு சிதைந்தால் நுரையீரல் புற்றுநோய். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்காகிறது. சில இழைகள் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கே போய்ச் சேரும். அங்கே வரும் மீசோதீலியோமா, மிகக் கொடிய புற்றுநோய்களில் ஒன்று.

இதைத் தெளிவாகக் காட்டியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் வாக்னர். 1960-ல் அவரும் கூட்டாளிகளும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளிகளே அல்ல. சிறுவயதில், கல்நாரில் ஒரு வகையான நீலக் கல்நாரை வெட்டியெடுக்கும் சுரங்கங்களுக்கு அருகே வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான். தூசு உள்ளே போனதற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே பல பத்தாண்டுகள். பொதுவாகவே 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். ஆகவே, "இருபது வருஷமா ஒண்ணும் ஆகல" என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

நம் கூரைகளில் இருப்பது வெள்ளைக் கல்நார், அது நீலத்தைவிடச் சீக்கிரம் கரையும் என்று தொழில்துறையினர் வாதிடுவார்கள். கரையும் வேகத்தில் வேறுபாடு உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, எல்லா வகைக் கல்நாரையுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்திருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

கூரை முழுசாக இருக்கிறவரை பயந்து நடுங்க வேண்டாம். அறுப்பது, துளை போடுவது, தேய்த்துக் கழுவுவது, உடைப்பது ஆகியவைதான் ஆபத்து. கழற்றியே ஆகவேண்டுமென்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலை செய்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் மீசோதீலியோமா வந்திருக்கிறது.

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால்தான் அந்த 40. அது ஆலைத் தொழிலாளருக்கு. எங்கள் கொட்டகைக்கு வந்த அண்ணனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மீதி ஷீட்டுகளை அறுக்க விடாமல் தகரம் வாங்கி வேய்ந்தோம். அடுத்த நாள் அவர் வேறொரு வீட்டுக்கு அதே மெஷினோடு போனார்.