ஹைப்பர்டென்ஷன்: சொல்லும் மூளையின் எரிபொருளும்

டென்ஷன் என்றதும் நமக்கு மன உளைச்சல்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் மருத்துவர் ஹைப்பர்டென்ஷன், அதாவது உயர் ரத்த அழுத்தம், என்று சொன்னவுடன் "எனக்கு டென்ஷனே கிடையாதே, அப்புறம் எப்படி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனசு அமைதியாக இருக்கிறது என்று நம்பி மாத்திரையைப் பாதியில் விடுவதும் நடக்கிறது, அது ஆபத்து.

'ஹைப்பர்' கிரேக்கச் சொல். மேலே, அளவுக்கு மிஞ்சி என்று பொருள். 'டென்ஷன்' லத்தீன் வழி வந்தது, இழுத்து விறைப்பாக்குவதைக் குறிக்கும். இங்கே விறைப்பது ரத்தக்குழாயின் சுவர். பிரெஞ்சில் இன்றைக்கும் ரத்த அழுத்தத்துக்குப் பெயரே 'தான்சியோன்'தான். சாந்தமான ஆளுக்கும் அது 140/90 என்ற எல்லையைத் தாண்டலாம்.

தமிழில் உயர் ரத்த அழுத்தம் பரவலான சொல். ரத்தம், சிவந்தது என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. குருதியோ சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது, ஆகவே உயர் குருதியழுத்தம் என்று எழுதினால் இன்னும் நல்லது. ரத்தக் கொதிப்பு என்பதை மட்டும் விட்டுவிடலாம். எதுவும் கொதிப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் தெரிவதில்லை.

சரி, மூளைக்கு வருவோம். மெட்டபாலிசம், மாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது, தமிழில் வளர்சிதைமாற்றம். உடல் பொருள்களைக் கட்டுவதையும் சிதைத்து ஆற்றல் எடுப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது, அருமையான ஆக்கம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸை ஆக்சிஜனோடு எரித்து. கையிருப்பு மிகக் குறைவு. ரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் 10 நொடி அளவிலேயே நினைவு தப்பிவிடும்.

இப்படி நொடிக்கு நொடி வரும் ரத்தத்தை நம்பியிருக்கும் உறுப்புக்குள் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், சின்னஞ்சிறு தமனிகள் முதலில் சுருங்கித் தாக்குப்பிடிக்கும், பிறகு சுவர் தடித்து விறைத்துப்போகும், உள்விட்டம் குறையும். மூளையின் எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ அங்கே உடனே கூடுதல் ரத்தம் பாய வேண்டும். விறைத்த குழாய் அந்த அளவுக்கு விரிந்துகொடுக்காது. அழுத்தம் அதிகம், ஆனால் செல்லுக்குப் போகும் எரிபொருள் குறைவு! ஆழத்தில் உள்ள, நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. யோசிக்கும் வேகம் குறைவது, கவனம் சிதறுவது, பிற்காலத்தில் மறதிநோய் எல்லாம் இதோடு தொடர்புடையவை.

இன்னொன்றும் உண்டு. நீண்ட நாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளை, தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் அழுத்த எல்லையையே மேலே நகர்த்திக்கொள்கிறது. அந்த நிலையில் அழுத்தத்தைத் தடாலென்று இறக்கினால், மற்றவர்களுக்குச் சாதாரணமான அளவிலேயே மூளைக்கு ரத்தம் போதாமல் தலை சுற்றும், மயக்கமும் வரலாம். அதனால்தான் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் மருத்துவர்கள் மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, வாரக்கணக்கில் அழுத்தத்தை இறக்குகிறார்கள்.